பிந்தி வந்தவன் நீயல்ல

தம்பி,

போன திங்கட்கிழமை காலையில் உன் வீட்டுக் கூடத்தில் நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். அந்த நேரத்தில் உன் கண்ணில் கடிகாரத்தைத் தவிர வேறொன்றும் படவில்லை. பேத்தியின் ஒரு காலுறையைக் காணவில்லை. மணி ஆறுகூட ஆகவில்லை. எவ்வளவு வாகன நெரிசல் இருந்தாலும் குண்டசாலையிலிருந்து அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். மணி அடிப்பது ஏழரைக்கு. ஆனாலும் நீ கத்தினாய். "ஒன்னாலதான் லேட்டாகுது! லேட்டாப் போனா கேட்டுக்கு வெளிய நிக்க வைப்பாங்க, தெரியுமா? எல்லாப் பிள்ளையும் உள்ள இருக்கும், நீ மட்டும் வெளிய நிப்ப!" யாழினி முதலாம் ஆண்டில் சேர்ந்து மூன்றாவது வாரம்தான். ஒற்றைக் காலுறையோடு நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், குடித்த பாலை அப்படியே வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்தாள். உன் அம்மா ஓடிவந்து துடைத்தாள். நீ வேறு சட்டையை எடுத்து வந்து, பொத்தானைத் தப்பும் தவறுமாகப் பூட்டி, அவளைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ போனபிறகு மருமகள் என்னிடம் சொன்னாள்: "தினமும் இப்படித்தான் மாமா. கேட்டுத் தொறக்க முன்னமே போயிருவாங்க. தொறக்கிற வரைக்கும் பிள்ளைய வச்சுக்கிட்டுக் கார்லயே இருப்பாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க." புதன்கிழமை பிள்ளைக்கு உடம்பு சுட்டது. தொட்டுப் பார்த்தவன் நீதான். காய்ச்சலுக்கு மருந்தைக் கொடுத்து, "ஒரு நாள்கூட போகாம இருக்கக் கூடாது" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாய். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. நானும் மருமகளும் போய்த்தான் கூட்டிவந்தோம். ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை கேட்ட ஒரே கேள்வி, "தாத்தா, அப்பா ஏசுவாரா?" என்பதுதான்.

உன்னைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் பகலே நானும் அம்மாவும் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பிவிட்டோம். ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லி வந்தவர்கள் ஏன் நாலு நாளில் புறப்பட்டோம் என்று நீ கேட்டாய். எனக்கு முதுகு வலி என்றேன். அதுவும் பொய். உன் வீட்டில் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது, தம்பி. கேட்டுக்கு வெளியே நிற்பதைப் பற்றி நீ அந்தப் பிள்ளைக்குச் சொன்னதையெல்லாம் நீ எங்கே கற்றாய் என்று அன்றைக்கு உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நீ. நீ இதுவரை வாய் திறக்கவில்லை. இன்னொருவன் நான்.

நீ மூன்றாம் ஆண்டுக்குப் போன வருஷம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வாடகை அறையை விட்டு ஒரு சொந்தக் கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருடைய ஆசை. உனக்கு எட்டு வயது. என்னிடம் ஆட்டோ இருந்தது. காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கமிருந்து நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கண்டி டவுனைக் கடந்து, வாவிக்கு அந்தப் பக்கம் இருந்த அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் விடுவது என் நிரந்தர ஹயர், மாதம் தவறாமல் காசு வரும் சவாரி. உன்னுடைய தமிழ்ப் பள்ளிக்கூடம் டவுனுக்குள் நுழையும் முன்பே, ஒரு கிளைப்பாதையில் ஏறினால் வந்துவிடும். இதைச் சொல்லும்போதே யாரும் கேட்பார்கள்: அப்படியானால் உன் மகனைத்தானே முதலில் இறக்கியிருக்க வேண்டும்? ஆமாம். ஆனால் அந்தப் பாதையில் ஏறி இறங்கப் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தில் மற்ற நாலு பிள்ளைகளுக்கும் பிந்திவிடும். வங்கியில் வேலை செய்த ஓர் அம்மா ஒருமுறை என்னைக் கண்டித்திருந்தார்: "இன்னொரு நாள் லேட்டானா நாங்க வேற ஆட்டோ பார்த்துக்குவோம்." உனக்காகப் பேச யாரும் இல்லை. பேச வேண்டிய நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கத்தில், பாதிச் சீட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாய். அந்தக் கிளைப்பாதையைக் கடக்கும்போது உன் தலை திரும்பும். ஒருநாள் கேட்டாய்: "அப்பா, இங்கயே எறக்கி விடுங்க. நான் ஏறிப் போயிருவேன்." நான் சொன்னேன்: "பெரிய ரோட்டைத் தனியா கடக்க வேணாம். இரு, வந்து விடுறேன்." பாசத்தில் சொன்னதுபோல இருக்கும் கேட்பவர்களுக்கு. வாவியைச் சுற்றிப் போய்த் திரும்பி வரும்போது உன் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

இன்னும் கால் மணி நேரம் முந்தி வீட்டை விட்டுப் புறப்பட்டிருந்தால் உன்னையும் நேரத்துக்கு விட்டிருக்கலாம், அவர்களையும் விட்டிருக்கலாம். கணக்கு அவ்வளவு சின்னது. என்னால் எழும்ப முடியவில்லை என்பதுதான் உண்மை. அம்மா போன பிறகு சாயங்காலத்தில் ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்களோடு குடிக்கத் தொடங்கியிருந்தேன். அது உனக்கும் தெரியும். பொழுது விடிந்தால் தலை பாரமாக இருக்கும். நீ ஐந்து மணிக்கே எழும்பி, குளித்து, கழுசானும் சட்டையும் போட்டு, டையைக்கூட நீயே கட்டி, சப்பாத்து மாட்டி, எனக்குப் பிளேன்டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து என் தலைமாட்டில் நிற்பாய். "அப்பா, எந்திரிங்கப்பா. ஆறாகுதுப்பா." நான் புரண்டு படுப்பேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வருவாய். "அப்பா, ஆறே கால்ப்பா." ஒருநாள் நீ என் தோளைத் தொட்டு உலுப்பியபோது எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு நீ தொடுவதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று நேரத்தை மட்டும் சொல்வாய்.

உன் பள்ளிக்கூடத்தில் பிந்தி வருகிற பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். தேவாரம் பாடி, அதிபர் பேசி முடிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். உள்ளே போய் மைதானத்தில் குப்பை பொறுக்கிவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். நான் உன்னை இறக்கிவிட்டு ஆட்டோவைத் திருப்பிவிடுவேன். ஒருநாள் மட்டும் இஞ்சின் நின்றுபோனதால் கீழ் வளைவில் நிற்க வேண்டி வந்தது. மேலே பார்த்தேன். நீ கம்பிக் கேட்டுக்கு வெளியே புத்தகப் பையை முதுகில் சுமந்தபடி, உள்ளே பாடுகிற பிள்ளைகளோடு சேர்ந்து, கைகூப்பிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாய். இஞ்சினைக் கிளப்பி நான் போய்விட்டேன்.

இரண்டாம் தவணையில் உன் வகுப்பு டீச்சர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டே பேசாதவர். எனக்கு ஒரு சின்னக் கதிரையைக் காட்டினார். நீ என் பக்கத்தில் நின்றாய். மேசையில் வரவு இடாப்பு திறந்திருந்தது. உன் பெயருக்கு நேரே சிவப்புக் குறிகள்.

"உங்கட மகன் நல்ல கெட்டிக்காரன்" என்றார். "ஆனா ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் வாறான். முதல் பாடம் கணிதம். அது பாதி அவனுக்குப் போயிடுது. வகுப்பு நடக்கேக்க உள்ள வந்தா எல்லாப் பிள்ளையளும் திரும்பிப் பார்க்குதுகள். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு வந்து இருக்கிறான். ஏன் பிந்துதெண்டு கேட்டா ஒண்டும் சொல்லுறான் இல்லை. வீட்டில ஏதும் கஷ்டமோ?"

எவ்வளவு நல்ல கேள்வி அது. 'டீச்சர், பிழை என்னுடையது, நாளையிலிருந்து நேரத்துக்கு வருவான்' என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் என் கையாலேயே எழுதுகிறேன்.

"என்னத்தச் சொல்றது டீச்சர். தாயும் இல்ல. இவன் காலையில எந்திரிக்கவே மாட்டேங்கிறான். எழுப்பி எழுப்பி எனக்கு அலுத்துப் போச்சு."

டீச்சர் உன் பக்கம் திரும்பினார். "அப்பிடியோ தம்பி? அப்பா பாவமெல்லோ? நாளையில இருந்து வெள்ளன எழும்புவீங்களோ?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தரம்தான். பிறகு டீச்சரைப் பார்த்து, "எழும்புறேன் டீச்சர்" என்றாய்.

அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளை, ஏதோ தனக்குப் புரியாத காரணம் அப்பாவுக்கு இருக்கிறது போலும் என்று நினைத்ததுபோல என்னைப் பார்த்தாய். என்னைக் காப்பாற்றுகிற வேலையை அந்த இடத்தில் நீ எடுத்துக்கொண்டாய்.

சொன்ன பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா தெருமுனைக் கடைக்கார நானாவின் போனுக்கு எடுப்பாள். அவர் ஆளனுப்பி எங்களைக் கூப்பிடுவார். அந்த வாரம், பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டதும், டீச்சரிடம் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். அவள் உன்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். நீ கடைப் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாய். அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நீ சொன்னது கேட்டது. "சரிம்மா. இனி எந்திரிக்கிறேன்மா. அப்பாவுக்குக் கரைச்சல் குடுக்க மாட்டேன்மா." அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே பேச்சு. உன் சித்தப்பாவுக்கும் நானே சொல்லி, அவர் உனக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயரும் வைத்தார். வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். அது உன் கல்யாண நாள் வரைக்கும் வந்தது. மணவறைக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் சித்தப்பா, "மாப்பிள்ளைய யாராவது எழுப்பினீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார். மண்டபமே சிரித்தது. அன்றைக்கு விடியுமுன்பே வேட்டி கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தவன் நீ. நானும் சிரித்தேன் தம்பி. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம் நீ என்னிடம் வந்து, "நான் பஸ்ல போறேன்ப்பா" என்றாய். நான் தடுக்கவில்லை. ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. ஆறு மணிக்கு முன்பே எனக்குப் பிளேன்டீயை மூடி வைத்துவிட்டு, பாலத்தடிக்கு நடந்து போய், வேலைக்குப் போகிறவர்களின் நெரிசலில் தொங்கிக்கொண்டு போனாய். நேரத்துக்குப் போனாய். கேட்டுத் திறக்கும் முன்பே போய் நின்றாய் என்று பிறகு காவலாளி சொன்னார். மூன்று வாரமோ நாலு வாரமோ அப்படிப் போயிருப்பாய். ஒரு மழை நாளில் மிதிபலகையிலிருந்து விழுந்தாய்.

அதை நான் பதினோரு மணிக்குத்தான் அறிந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டாண்டுக்கு ஆள் வந்து கூட்டிப்போனது. விழுந்தவன் எழும்பி, சேற்றைத் துடைத்துக்கொண்டு, மலைப்பாதையில் ஏறிப் போய், காலைக் கூட்டத்தில் நின்றிருக்கிறாய். இரண்டு பாடம் முடியும்வரை யாருக்கும் சொல்லவில்லை. இடைவேளையில்தான், நீ இடது கையால் எழுத முயற்சி செய்வதை டீச்சர் கண்டிருக்கிறார். வலது மணிக்கட்டு முறிந்து வீங்கிப் போயிருந்தது. ஆஸ்பத்திரி வாங்கில் நீ டீச்சரோடு உட்கார்ந்திருந்தாய். என்னைக் கண்டதும் நீ சொன்ன முதல் வார்த்தை: "அப்பா, இன்னைக்கு நான் லேட் இல்லப்பா."

டீச்சர் எழும்பி என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். முகம் வெளிறியிருந்தது. "இந்த வயதில ஏன் தனிய பஸ்ஸில விட்டனீங்கள்?" என்று கேட்டார். உண்மை சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது நேரம் அது. "அவன்தான் டீச்சர் அடம்பிடிச்சான்" என்றேன்.

பத்தடி தூரத்தில்தான் நீ இருந்தாய். கேட்டிருப்பாய்.

அன்றிலிருந்து நான் குடிப்பதைப் பெருமளவு விட்டேன். விடியுமுன் எழும்பினேன். உன்னைத்தான் முதலில் இறக்கினேன். இரண்டு பிள்ளைகளின் ஹயர் போனது, போகட்டும் என்று விட்டேன். ஐந்தாம் ஆண்டு முடியும்வரை நீ ஒருநாள்கூடப் பிந்தவில்லை, ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. அம்மை போட்டபோதுகூட அழுதாய், பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று. அதைப் பார்த்து, பிள்ளை திருந்திவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். செய்கையை மாற்றினேன், சொன்னதை மாற்றவில்லை. டீச்சர் ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். அப்போதும் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் அவர் தவறிப்போனதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பொறுத்தவரை நீ எழும்ப மறுத்த பிள்ளை, நான் பாவப்பட்ட தகப்பன். அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் புத்தி சொல்ல உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் யாழினியின் அந்த வெள்ளைச் சட்டை என் கண்ணிலேயே நிற்பதால் சொல்கிறேன். பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுபோய் விடு. அதில் நீ செய்வது சரி. முதல் பாடத்தின் நடுவில் தலைகுனிந்து நுழைவது ஒரு சின்னப் பிள்ளையை என்ன செய்யும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த நேரம் உன்னுடைய பொறுப்பு. காலுறையை முதல்நாள் சாயங்காலமே எடுத்து வைக்க வேண்டியது நீயும் மருமகளும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கக்கூடத் தெரியாது. அவளாகவா கார் ஓட்டுகிறாள்? என்றைக்காவது பிந்தினால், ரோட்டில் மரம் விழுந்தோ, டயர் போயோ, உனக்கே அசதியாகியோ, கேட்டில் இறக்கிவிட்டுப் போகாதே. இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போ. டீச்சரிடம், அவள் காதில் விழும்படி, "மன்னிக்கணும் டீச்சர், என்னாலதான் பிந்திப் போச்சு" என்று சொல். அது சொல்ல எத்தனை வினாடி ஆகும் என்று நான் எத்தனையோ காலைகளில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மூச்சு முட்டாது. காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொள். உள்ளதை எழுதிக் கடிதம் கொடுத்தனுப்பு. சுகமில்லாத பிள்ளையை மருந்து கொடுத்து அனுப்பி நிரப்புகிற வரவு யாருக்கும் பிரயோசனம் இல்லை. உன் பெயருக்கு நேரே இருந்த சிவப்புக் குறிகளை அவளுடைய இடாப்பில் அழிக்கப் பார்க்கிறாய் என்று எனக்குப் படுகிறது. அது அவளால் முடியாது தம்பி. அவை அவளுடையவை அல்ல. உன்னுடையவையும் அல்ல.

இதையெல்லாம் உனக்கு எழுதும் முன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சனிக்கிழமை காலையில், அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். அவள் கை நின்றுபோனது. பிறகு கேட்டாள்: "அவன் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான் பக்கத்துலயே நின்னேன்" என்றேன்.

"வாரத்துக்கு ஒரு போன்" என்றாள். "அதுவும் அந்த வீட்டு மேடம் வந்து பார்க்கிற வரைக்கும்தான். மூணு வருஷமும் அதுல அவன்கிட்ட எந்திரி, எந்திரின்னுதானே சொன்னேன். வேற எதை நான் பேசினேன்?" அவள் அழவில்லை. எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்து வாசற்படியில் நின்று, "காலையில அவன் என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "நான் இல்லாத அந்த மூணு வருஷமும், விடிய எந்திரிச்சு, தனியா, பள்ளிக்கூடம் போக முன்ன என்ன சாப்பிட்டான் புள்ள?"

நான் யோசித்துப் பார்த்தேன். நேற்றும் யோசித்தேன். இன்றைக்கும் அவள் கேட்டாள். எனக்குத் தெரியாது, தம்பி. நீ பஸ்ஸிலிருந்து விழும்வரை, நீ சாப்பிட்ட நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழும்பத் தொடங்கிய பிறகும் நான் கவனித்ததில்லை.

நாளைக்கு அவள் உன் வீட்டுக்கு வருகிறாள். என்னைக் கூட வரச் சொல்லவில்லை, அது நியாயம்தான். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். எனக்கு நீ பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. அவளை உட்கார வைத்து, அவள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிடு.

அப்பா